தீட்டு: வந்த சொல்லா, நம்ம சொல்லா?

தகடூரான்:
தீட்டு தமிழே இல்லை, ஆரியர் திணித்தது என்று ஒருத்தர் எழுதியிருந்தார். பழக்கத்தைச் சொல்கிறாரா, சொல்லையா? சொல் என்றால் தப்பு. தீண்டு என்ற வினையில் பிறந்த பெயர் தீட்டு. தொடுதல், அவ்வளவுதான். வடசொல் வேண்டுமென்றால் ஆசௌசம் இருக்கிறது. பாலக்கோட்டில் எந்தப் பாட்டி அப்படிச் சொல்கிறாள்?

காவிரிக்கரை:
தீமை, தீயது, தீட்டு. பேர்லயே கெட்டது ஒட்டிக்கிட்டிருக்கு. இதுக்கு இலக்கணம் எதுக்கு?

ஓசூர்க்காரன்:
காவிரிக்கரை அண்ணே, ஓசூருக்கு வாங்க. எங்க தெருவுல மூணு மொழி. கன்னடத்துல முட்டுன்னா தொடு. மாதவிலக்குக்கும் அதே முட்டுதான். தெலுங்குலயும் அப்படித்தான். அங்க உங்க 'தீ' எங்க போச்சு? தெலுங்குல மைல, கன்னடத்துல மைலிகேன்னு வேற சொல்லும் இருக்கு, அழுக்கு அதுலதான். தொடுற சொல்லுல இல்ல.

தேன்மொழி:
சொல் சுத்தத் தமிழ்னு காட்டிட்டா பழக்கம் நல்லதாயிடுமா? தீண்டாமையும் அதே வேர்தான். 1950-ல அரசியலமைப்பு 17ஆம் பிரிவு ஒழிச்சதும் அதைத்தான்.
அப்புறம், 'திணிச்சாங்க'ன்னு சொல்றவங்க புறநானூறு 299 படிங்க. முருகன் கோட்டத்துல 'கலந்தொடா மகளிர்', அதாவது மாதவிலக்குல பாத்திரம் தொடாத பெண்கள், ஒதுங்கி நிக்கிறாங்க. வடசொல் ஒண்ணும் இல்லாமலே விலக்கு அங்க இருக்கு.

தகடூரான்:
அங்கே 'அணங்குடை முருகன்', அதாவது அச்சம் தரும் முருகன், என்றும் இருக்கிறதே. தெய்வத்துக்கு அஞ்சி விலகுவது வேறு, பெண்ணை இழிவாகப் பார்ப்பது வேறு. இரண்டையும் குழப்புகிறீர்கள்.

தேன்மொழி:
உவமை எதுக்கு வருதுன்னு பாருங்க சார். உழுந்துச் சக்கை தின்ன சின்ன ஊர் மன்னன் குதிரை படையைப் பிளந்துக்கிட்டுப் போகுது. நெய் போட்டு வளர்த்த பெரிய மன்னர் குதிரைங்க பின்வாங்கி நிக்குது. அதுங்களுக்குத்தான் இந்தப் பெண்கள் உவமை. வெறும் பக்திங்கறீங்களா? பாடினது பொன்முடியார், அவங்களும் பெண்தான்னு வேற சொல்றாங்க.

காவிரிக்கரை:
குதிரைக்கும் தீட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?

தகடூரான்:
காவிரிக்கரை, பாட்டைப் படித்துவிட்டு வாருங்கள். தேன்மொழி, கோழைத்தனம் குதிரைக்கு. பெண்களிடம் எடுத்துக்கொண்டது ஒதுங்கி நிற்பதை மட்டும். உவமையில் எல்லாமே பொருந்த வேண்டியதில்லை.

ஓசூர்க்காரன்:
அப்ப 'வீட்டுக்குத் தூரம்'னு சொல்றமே, அது யாரு கிட்ட இருந்து தூரம்? சாமிகிட்ட இருந்துன்னா அடுப்படிக்கு ஏன் விடறதில்ல?

தேன்மொழி:
இதுக்குத் தகடூரான் சார் பதில் சொல்லட்டும்.