பின்திரைக் காட்சிக்கு என்டிஐயா, கேப்சர் கார்டா?

ஒளியாடி:
அடுத்த மாதம் ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சிக்குப் பின்திரைக் காட்சிகளை நேரடியாக இயக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். மேடையின் பக்கவாட்டில் உள்ள மடிக்கணினியில் டச்டிசைனர் என்ற மென்பொருள் கோலங்களை வரைந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து 40 மீட்டர் தள்ளி, அரங்கின் கடைசியில் நான் உட்கார்ந்து, ரெசொல்யூம் அரேனா என்ற காட்சிக் கலப்பு மென்பொருளில் அவற்றைக் கலந்து எல்இடி திரைக்கு அனுப்ப வேண்டும். இவை தவிர, ஆடுபவரின் பாதங்களை மட்டும் அண்மையில் காட்டும் கேமரா ஒன்றும் உண்டு. அதன் படமும் அதே திரையில், அவருக்குப் பின்னாலேயே பெரிதாகத் தோன்றும். இந்த இரண்டையும் என்டிஐ (படத்தைக் கணினி நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) வழியாகக் கொண்டுவருவதா, எஸ்டிஐ (படத்தைத் தனிக் கம்பியில் அனுப்பும் முறை) கேபிள் இழுத்து, படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கார்டில் வாங்குவதா என்று இருவரிடம் விசாரித்தேன். இருவரும் எதிரெதிர்த் திசையைக் காட்டுகிறார்கள்.

கம்பிப்பித்தன்:
யோசிக்கவே வேண்டாம், எஸ்டிஐதான். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் 1080 வரிப் படத்தை 3ஜி எஸ்டிஐ சுருக்காமல் 2.97 கிகாபிட் வேகத்தில் அப்படியே கடத்துகிறது. நல்ல கோஆக்சியல் கேபிளில் 40 மீட்டர் அதற்கு ஒரு தொலைவே இல்லை. பிஎன்சி முனையைத் திருகிப் பூட்டிவிட்டால் யாராவது கால் தடுக்கினாலும் எளிதில் கழலாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதன் தாமதம் நிலையானது என்பதுதான்: ஒத்திகையில் மூன்று ஃபிரேம் பிந்தினால் நிகழ்ச்சியிலும் மூன்று ஃபிரேம்தான் பிந்தும். நெட்வொர்க்கை நம்பி அந்த உறுதியை எவரும் தர முடியாது.

வலைவாசி:
கேமராவுக்கு இது பொருந்தலாம், மடிக்கணினிக்குப் பொருந்தாது. மடிக்கணினியில் எஸ்டிஐ ஏது? எச்டிஎம்ஐயிலிருந்து எஸ்டிஐக்கு மாற்றும் பெட்டி ஒன்று, அதற்கு ஓர் அடாப்டர், மறுமுனையில் கேப்சர் கார்டு என்று சங்கிலி நீள்கிறது. சில கணினிகள் எச்டிஎம்ஐயில் எச்டிசிபி என்ற நகல்தடுப்புப் பாதுகாப்பைத் தாமாகவே இயக்கிவிடுவதால் மறுமுனையில் கறுப்புத் திரை மட்டுமே வரும்; அந்தத் தொல்லையை அனுபவித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். மேலும், ஒளியாடியின் எல்இடி திரை 2560க்கு 640 போன்ற நீளவாக்கான அளவில் இருந்தால், மாற்றிப் பெட்டி ஏற்கும் வழக்கமான அளவுகளுக்குள் அந்தப் படத்தை மடக்கித் திணிக்க வேண்டியிருக்கும். என்டிஐ எந்த அளவையும் ஏற்கிறது. கோலத்தின் கோடுகளை மட்டும் பின்னணியின்றி, எங்கே ஒளிபுக வேண்டும் என்று குறிக்கும் ஆல்ஃபாவோடு சேர்த்து, ஒரே கேபிளில் அனுப்பவும் முடியும். எஸ்டிஐயில் அதற்கு இரண்டு கேபிள்கள் வேண்டும். 1080 வரி, 60 ஃபிரேம் படத்துக்கு முழு என்டிஐ எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 130 மெகாபிட்தான் என்பதால், ஒரு சாதாரண கிகாபிட் சுவிட்ச் இரண்டு காட்சிகளையும் சிரமமின்றித் தாங்கும்.

கம்பிப்பித்தன்:
கணக்கில் எல்லாம் தாங்கும், அரங்கில்தான் தாங்காது. சென்ற ஆண்டு ஓர் அரங்கில், உங்களைப் போன்ற ஒரு நண்பரின் பேச்சைக் கேட்டு, அங்கிருந்த சுவிட்சிலேயே எங்கள் இரண்டு கணினிகளையும் இணைத்தோம். காலை ஒத்திகையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாலையில் நேரலை செய்ய வந்த குழுவினரும் அதே சுவிட்சில் தங்கள் கருவிகளைச் செருகிவிட்டார்கள். வர்ணம் முழுவதும் படம் திக்கியது, தில்லானா தொடங்கும்போது ரெசொல்யூமின் என்டிஐ பட்டியலிலிருந்து எங்கள் கணினியின் பெயரே மறைந்துபோனது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்டிஐயில் அனுப்பும் கணினி படத்தை கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து இறக்கி, சிபியுவில் சுருக்கி அனுப்புகிறது. வாங்கும் கணினி அதை மறுபடியும் விரிக்கிறது. ரெசொல்யூமே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் கணினியின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றலாமா?

வலைவாசி:
ஊரில் உள்ள எல்லாருக்கும் அடுப்படியைத் திறந்து விட்டுவிட்டு, சோறு குழைந்ததற்கு அரிசியைக் குறை சொல்வது போல இருக்கிறது. இணையத்தோடு தொடர்பே இல்லாத சொந்த சுவிட்ச் ஒன்றும் இரண்டு கேட் 6 கேபிள்களும், நல்ல கேப்சர் கார்டு ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும். இரு கணினிகளுக்கும் நிலையான ஐபி எண் கொடுத்து, வைஃபையை அணைத்து, பிணைய அட்டையின் மின்சேமிப்பு அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். விண்டோஸ் புதிய நெட்வொர்க்கைப் பொதுவெளி என்று கருதி ஃபயர்வாலை இறுக்குவதுதான் பெயர் மறைவதற்கு வழக்கமான காரணம். அதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சிபியு சுமை உண்மைதான், மறுக்கவில்லை; ஆனால் இரண்டே காட்சிகளுக்கு அது பெரும் பாரமல்ல.

தாளக்கட்டு:
நான் மிருதங்கம் வாசிப்பவன். பக்கவாத்திய இருக்கையிலிருந்து திரையைப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். கோலம் மூன்று ஃபிரேம் பிந்தினால் இந்த உலகில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஆடுபவரின் பாதம் மூன்றாம் காலத்தில் தரையைத் தட்டிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் பத்து மடங்கு பெரிய அதே பாதம் ஒரு கணம் கழித்துத் தட்டுவது கண்ணை உறுத்தும். நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 20 மில்லிநொடி. கேமரா, கேப்சர், ரெசொல்யூம், எல்இடி திரையின் பிராசசர் என்று ஒவ்வொன்றும் ஓரிரு ஃபிரேமை விழுங்கினாலே 100 மில்லிநொடியை எட்டிவிடும். இந்தக் கேபிளா அந்தக் கேபிளா என்ற கேள்வி அதில் ஒரு சிறு பகுதிதான்.

ஒளியாடி உட்காரும் இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 40 மீட்டர் பின்னால் இருப்பவரின் காதுக்குச் சலங்கை ஒலி 117 மில்லிநொடி தாமதமாகவே வந்து சேரும். பிந்திய படமும் பிந்திய ஒலியும் அங்கே கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருப்பதாக அவர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது முதல் வரிசை நெளியும். ஆகவே முன்வரிசையில் நின்று, ஆளும் திரையும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி, கைப்பேசியில் நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் ஒரு கைதட்டலைப் படம் பிடித்து, இடைவெளியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் நான்கு மில்லிநொடிக்குச் சற்று அதிகம்.

கம்பிப்பித்தன்:
ஒவ்வொரு ஃபிரேமும் விலைமதிப்புள்ளது என்றால், அது என் கட்சியைத்தான் வலுப்படுத்துகிறது. மலிவான என்டிஐ கேமராக்களில் பெரும்பாலானவை எச்எக்ஸ் எனும், படத்தை இன்னும் அதிகமாகச் சுருக்கும் என்டிஐ வகையைச் சேர்ந்தவை, எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்குவதால் அவை முழு என்டிஐயைவிட மேலும் பிந்தும்.

வலைவாசி:
எச்எக்ஸ் பற்றிச் சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பாதக் கேமராவுக்கு அதை நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கேமரா 50 ஃபிரேமிலும் ரெசொல்யூமின் வெளியீடு 60 ஃபிரேமிலும் ஓடினால், எஸ்டிஐயே ஆனாலும் அசைவு சீராக இராது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஒளியாடி:
நேற்று அரங்கில் தாளக்கட்டு அவர்கள் சொன்னபடியே சோதித்தோம். கேமராவை எஸ்டிஐயில் இணைத்தபோது இடைவெளி குறைந்தது உண்மைதான். ஆனால் இரண்டு வழியிலும் திரைப்பாதம் பிந்தியே விழுந்தது, முன்வரிசையிலிருந்து அது நன்றாகவே தெரிந்தது. காணொளியை ஆடுபவரிடம் காட்டினேன். ஜதிகளின்போது பாதத்தைக் காட்டவே வேண்டாம், பதத்தில் நின்று அபிநயிக்கும் இடங்களில் மட்டும், அதுவும் பாதத்துக்குப் பதிலாகக் கைகளைக் காட்டினால் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். எனவே கேமரா எஸ்டிஐயில் வருகிறது, கோலங்கள் ஆல்ஃபாவோடு தனி சுவிட்ச் வழியாக என்டிஐயில் வருகின்றன.

கம்பிப்பித்தன்:
கேமராவைக் காப்பாற்றியதற்கு நன்றி. கோலங்களுக்கான அந்த சுவிட்சுக்கு எந்தப் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறீர்கள்? விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஓடும் அதே லைனிலா?

ஒளியாடி:
அதை இன்னும் பார்க்கவில்லை.

வலைவாசி:
பாருங்கள். இந்த ஒரு கேள்விக்காக அவரோடு நான் சண்டை போட மாட்டேன். சிறிய யுபிஎஸ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மாற்றிப் பெட்டியும் கேப்சர் கார்டில் ஒரு வாயும் மீதமிருந்தால், என்டிஐ கைவிட்டால் கோலங்களுக்கு உதவ, இரண்டாவது கோஆக்சியலையும் இழுத்துச் சுருட்டி வையுங்கள்.