பூர்வகுடி மருத்துவ நிலையங்கள்: ஊர்ப் பெரியவர்களா, துறை வல்லுநர்களா?

செழியன்:
ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களுக்கான மருத்துவ நிலையங்களில் 140-க்கும் மேற்பட்டவை, அந்தந்தச் சமூகத்தினர் தம்முள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுக்களின் பொறுப்பில் இயங்குகின்றன. இதன் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், பணியாளர் நியமனமும் பெருந்தொகையான அரசுப் பணத்தின் கணக்கும் கையில் உள்ள ஒரு குழுவில், சமூகத் தலைவர் என்ற மதிப்பு ஒன்றே இடம் பெற்றுத் தரலாமா? சிறிய ஊரில் இயக்குநர், ஊழியர், நோயாளி மூவரும் உறவினராகவே இருப்பார்கள். வல்லுநர்கள் குழுவை நடத்தட்டும். பெரியவர்கள் ஆலோசனை கூறட்டும்.

மங்கை:
ஐயா, சிக்கல் அந்த ‘ஆலோசனை’யில்தான் இருக்கிறது. 1971-இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் முதல் பூர்வகுடி மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டபோது அந்நகரில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே நேர்ந்த அவமதிப்புக்கு அஞ்சி, நோய் முற்றும்வரை மக்கள் வாசலை மிதிக்கவில்லை என்பதே குறை. ‘மம் ஷெர்ல்’ என்று அழைக்கப்பட்ட ஷெர்லி ஸ்மித், கோர்டன் பிரிஸ்கோ முதலான பூர்வகுடித் தலைவர்கள், கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் போன்றோரின் துணையுடன், தன்னார்வ மருத்துவர்களைக் கொண்டே அதைத் தொடங்கினார்கள். மருத்துவர் வந்து உதவினார். நிலையம் யாருடையது என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை.

செழியன்:
அது அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை, அம்மா. போராட்டத்தைத் தொடங்குவதற்கு வேண்டிய திறன் வேறு, வளர்ந்துவிட்ட நிறுவனத்தை நடத்துவதற்கு வேண்டிய திறன் வேறு. பூர்வகுடி நிறுவனங்களுக்கென்றே 2006-இல் இயற்றப்பட்ட சட்டம், நிர்வாகம் சீர்குலைந்தால் தனி நிர்வாகியை நியமிக்கும் அதிகாரத்தைப் பதிவாளருக்கு வழங்கியிருக்கிறது. அந்த அதிகாரம் ஏட்டளவில் நின்றுவிடவுமில்லை.

அருள்மொழி:
மத்திய ஆஸ்திரேலியாவில் சில காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால், பாலைநிலத்தில் உள்ள சிற்றூர் கின்டோர். அங்கே சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே தங்கிவிட வேண்டியிருந்தது. பேரக்குழந்தைகளையும், தாங்கள் பொறுப்பேற்றிருந்த சடங்குகளையும், மூதாதையர் நிலத்தையும் விட்டு வந்தவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்தார்கள். சுத்திகரிப்பு இயந்திரத்தை ஊருக்கே கொண்டுவர வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டபோது, அது நடவாத காரியம் என்ற மறுமொழியே அரசுத் தரப்பிலிருந்து கிடைத்தது. அந்த வட்டாரத்து ஓவியர்கள் படங்கள் வரைந்து, 2000-இல் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-இல் கின்டோரில் சுத்திகரிப்பு தொடங்கியது. அதை நடத்தும், இன்று ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்று அறியப்படும் அமைப்பின் இயக்குநர்கள் பூர்வகுடி மக்களே. செலவுக் கணக்கை முதலில் பார்க்கும் வல்லுநர் குழு இருந்திருந்தால் இந்தத் தீர்மானம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். தொலைதூர ஊர்களில் நடக்கும் சுத்திகரிப்புக்கு, அரசின் பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் தனிக் கட்டணம் வழங்கத் தொடங்கியது 2018-இல்தான்.

செழியன்:
கின்டோர் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. எது தேவை என்று தீர்மானிப்பதில் வல்லுநரைவிட ஊரார் முந்திக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் ஐயம் அன்றாட நிர்வாகத்தைப் பற்றியது. உறவினருக்கு வேலை கொடுக்க மறுக்கும் துணிவு குழுவுக்கு எங்கிருந்து வரும்?

மங்கை:
அந்த வேலை குழுவினுடையது அன்று. தலைமை நிர்வாகியைக் குழு நியமிக்கிறது. ஊழியர்களை அவர் நியமிக்கிறார். கணக்கு, சட்டம் அறிந்த வெளியாரை இயக்குநராகச் சேர்க்கவும் பல அமைப்புகளின் விதிகள் இடம் தருகின்றன. வல்லுநர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவரை அழைக்கும் உரிமையும் விலக்கும் உரிமையும் சமூகத்திடம் இருக்க வேண்டும் என்கிறோம். உறவுச் சிக்கல் உண்மைதான், மறுக்கவில்லை. அரசு நியமிக்கும் வாரியங்களில் அறிமுகமானவர்களுக்குப் பதவி கிடைப்பதை மட்டும் நாம் ஏன் உறவுச் சிக்கல் என்று அழைப்பதில்லை?

செழியன்:
அங்கேயும் அப்படித்தான் அழைக்க வேண்டும். வெளி இயக்குநர் இரண்டு பேராவது இருப்பதைக் கட்டாயமாக்கலாம் என்ற அளவில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

அருள்மொழி:
கட்டாயமாக்குவது யார், ஐயா? கான்பெராவில் இருக்கும் மத்திய அரசா, கின்டோரா?