செயின் அறுந்தும் க்வின் ஜெயித்தார், சரி. அதற்கும் சஸ்பென்ஷனுக்கும் என்ன?

இரும்புக்குதிரை: நேற்று ஒற்றைப்பிவட் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "மலை சைக்கிளின் பின் சஸ்பென்ஷனுக்கு முதல் எதிரி செயின்தான். 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தய) உலகக் கோப்பையில் ஆரன் க்வின் செயின் இல்லாமலே முதலிடம் பிடித்தார், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்றார். புறப்பட்ட இடத்திலேயே செயின் அறுந்தது, அவர் பெடல் போடாமல் இறங்கி ஜெயித்தார், எல்லாம் உண்மை. ஜெயித்தது க்வின். பெடல் போட முடியாது என்று தெரிந்ததும் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வேகத்தைக் காப்பாற்றினார். அதில் சஸ்பென்ஷனுக்கு மாலை போட என்ன இருக்கிறது?

ஒற்றைப்பிவட்: என் பெயரைப் போட்டுத் தனி இழையே தொடங்கிவிட்டீர்களா? நல்லது, திரும்பச் சொல்கிறேன். பின்சக்கரம் கல்லில் ஏறி மேலே வரும்போது அதன் அச்சுக்கும் கிராங்குக்கும் (பெடல் தண்டுக்கும்) இடையிலுள்ள தூரம் கூடுகிறது. மேல்பக்கத்துச் செயின் நீளாது. ஆகவே கிராங்கைப் பின்னால் இழுக்கிறது. பெடலில் நிற்கும் கால் விட்டுக்கொடுக்காது. சஸ்பென்ஷன் விறைக்கிறது. செயின் இல்லையென்றால் இந்த இழுபறியே இல்லை. க்வினுக்குச் செயின் இல்லை, க்வின் ஜெயித்தார். எந்த வரி தவறு?

இரும்புக்குதிரை: நடுவில், பெடல் நின்றாலும் பின்சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீஹப் என்று ஒன்று இருப்பதையே விட்டுவிட்டீர்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 29 அங்குலச் சக்கரம் நொடிக்குச் சுமார் 3.6 முறை சுற்றும். பின்னால் 11 பல் ஸ்ப்ராக்கெட் (பற்சக்கரம்) என்றால் ஒரு சுற்றுக்கு 140 மி.மீ. செயின். செயினின் இழுப்பு நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால்தான் ஹப்பின் பற்கள் பிடிக்கும், அப்போதுதான் காலுக்கு உதை வரும். அதே வேகத்தில் 50 பல்லில் இருந்தால் 2.3 மீட்டர் வேண்டும், அதற்கு வாய்ப்பே இல்லை. பந்தய வீரர் உங்களையும் என்னையும் போல 30-இல் போவதில்லை. வேகம் ஏற ஏற அந்த உதை மறைந்துவிடும்.

மலைமுகடு: ஒரு நிமிடம். காலுக்கு வரும் உதையான பெடல் கிக்பேக், மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்காமல் தடுக்கும் ஆன்டி-ஸ்குவாட், சக்கரம் ஏறும்போது கூடுதலாகத் தேவைப்படும் செயின் நீளமான செயின் வளர்ச்சி மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறோமோ? முதலில் எதை எப்படி அழைக்கிறோம் என்று முடிவு செய்யலாமே.

ஒற்றைப்பிவட்: கணக்கு அழகு. பெரிய பள்ளத்தில் சக்கரம் அடித்து ஏறும் வேகத்தைப் போட்டுப் பார்த்தீர்களா? 11 பல்லில் உங்கள் அரை மீட்டரைத் தாண்டும். பின்பிரேக்கை இறுக்கிச் சக்கரம் நின்றுவிட்டால் ஃப்ரீஹப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, முழு உதையும் காலுக்கு. டவுன்ஹில்லில் பின்பிரேக்கே தொடாமலா இறங்குகிறீர்கள்? க்வின் ஜெயித்தார், செயின் இல்லை.

இரும்புக்குதிரை: க்வின் பிரேக்கை அதிகம் தொடவில்லை என்பதுதான் என் வாதமே!

சரிவுக்காரன்: க்வின் ஓட்டியது ஸ்பெஷலைஸ்டு டெமோ சைக்கிள். அதன் பின் சஸ்பென்ஷன் ஹார்ஸ்ட் லிங்க் வகை. பின்அச்சுக்குச் சற்று முன்னால் செயின்ஸ்டே என்ற கீழ்த்தண்டில் ஒரு பிவட் (அசையும் மூட்டு). பிரேக் காலிப்பர் இருக்கும் தண்டு சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஸ்விங்ஆர்மோடு இறுகி இல்லாததால் பிரேக் பிடிக்கும்போதும் பின்பக்கம் தாராளமாக வேலை செய்யும். ஹார்ஸ்ட் லைட்னர் அதைக் கொண்டுவந்தது 90-களில். அந்தச் சைக்கிளில் செயின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் ஜெயித்திருப்பார். ஒரே மூட்டில் அசையும் ஒற்றைப் பிவட் சைக்கிளில் பிரேக் தொட்டாலே பின்பக்கம் தூக்கிவிடும், அனுபவித்தவன் சொல்கிறேன்.

இரும்புக்குதிரை: தூக்காது! பிரேக் பிடித்தால் உடல் எடை முன்னால் போகிறது, அதனால்தான் பின்பக்கம் எழும்புகிறது. எந்தச் சைக்கிளிலும் அப்படித்தான். ஒற்றைப் பிவட்டில் பிரேக்கின் முறுக்கு ஸ்விங்ஆர்மைப் பிடித்து ஷாக் அப்சார்பரை அமுக்கும், பின்பக்கத்தைக் கீழே வைத்திருக்கும். ஆன்டி-ரைஸ் அதிகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சிலருக்கு அதுவே பிடிக்கும், செங்குத்தில் ஹேண்டில்பாருக்கு மேல் பறக்கும் பயம் குறையும். விலை என்னவென்றால் சிறு கற்களில் டயர் ஒட்டாது. இருபது வருடமாக இதைத் தலைகீழாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரிவுக்காரன்: போன வருடம் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் முன்பக்கம் 34 பல் சக்கரத்தைக் கழற்றி 28 பல் சக்கரம் போட்டேன். "ஏற்றம் சுலபம்" என்றீர்கள். ஏறும்போது ஒவ்வொரு கல்லுக்கும் கால் உதைபட்டது. அதை நான் மறக்கவில்லை.

இரும்புக்குதிரை: முன்பல் சிறிதானால் ஆன்டி-ஸ்குவாட் கூடும், உதையும் கூடும். அப்போதே எழுதினேன், நீங்கள் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். செயின் எதிரி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பெடல் மிதிக்கும்போது எடை பின்னால் சாய்ந்து ஷாக் அமுங்கப் பார்க்கும். செயின் இழுப்பும் சக்கரத்தின் உந்துதலும் சேர்ந்து அதை நிமிர்த்தும். சஸ்பென்ஷன் வடிவமைப்பாளர் டேவ் வீகல் தன் டிடபிள்யூ லிங்க் அமைப்பைக் கட்டியது இந்தக் கணக்கில்தான். அந்த லிங்க் இருந்த அயர்ன் ஹார்ஸ் சண்டே சைக்கிளில் சாம் ஹில் 2006-இலும் 2007-இலும் டவுன்ஹில் உலகச் சாம்பியன். செயினோடு! இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஒற்றைப்பிவட்: சாம் ஹில் செயினோடு ஜெயித்தார், க்வின் செயின் இல்லாமல் ஜெயித்தார். எது கடினம்? செயின் கெடுதல் செய்யவில்லையென்றால் கமென்சால் சுப்ரீம் சைக்கிளில் பிவட்டை உயரத்தில் வைத்துவிட்டுச் செயினை ஒரு தனி உருளையின் மேல் ஏற்றி ஏன் கொண்டுபோனார்கள்? பந்தய வீரர் பியெரோன் அதில் 2018 உலகக் கோப்பையையே எடுத்தார். கிக்பேக்கைக் குறைக்கத்தானே அந்த உருளை? மூன்றாவது முறை கேட்கிறேன்.

மலைமுகடு: இப்போதாவது பெயர்களை வரையறுக்கலாமா?

இரும்புக்குதிரை: உயரப் பிவட்டில் சக்கரம் பின்னோக்கி நகர்ந்து கல்லை விழுங்கும். அதற்கு உருளை இல்லாவிட்டால் செயின் தாங்காது. உருளை அந்தப் பிவட்டுக்கு மருந்து. உங்கள் தாழ்ந்த பிவட் சைக்கிளுக்கு அந்த நோயே இல்லை! நோய் இல்லாதவர் மருந்தைக் காட்டி எதை நிரூபிக்கிறீர்கள்?

ஒற்றைப்பிவட்: என் சைக்கிளை இழுக்காதீர்கள். பதினோரு வருடம் ஒரே சட்டகம், ஒரே பிவட், இரண்டு பேரிங் மாற்றினால் வேலை முடிந்தது. உங்களைப் போல மழைக்கால முடிவில் பத்து பேரிங் வாங்கக் கடை கடையாக அலையவில்லை.

இரும்புக்குதிரை: எட்டு. பத்தில்லை, எட்டு. நான் பேரிங் வாங்குவதற்கும் லியோகாங்குக்கும் என்ன தொடர்பு?

சரிவுக்காரன்: 28 பல் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒற்றைப்பிவட்: வரும் சனிக்கிழமை செயினைக் கழற்றிவிட்டு அதே இறக்கத்தில் இறங்குகிறேன். காலில் தெரியும் வித்தியாசத்தை எழுதுகிறேன். க்வினுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும்.

இரும்புக்குதிரை: செயினைக் கழற்றினால் நீங்கள் பயந்து பிரேக்கை விடமாட்டீர்கள், அவரோ விட்டார். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வித்தியாசம் அங்கேதான்.

ஒற்றைப்பிவட்: அவருக்குச் செயின் இல்லை. ஜெயித்தார்.