புதுப்பிப்பு: மிக்சர் பொட்டலமும் பருத்திக்கொட்டை எண்ணெயும்

மளிகைப் பொருட்களில் மரபணு மாற்றப் பயிர்கள் கலந்திருப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் ஏறக்குறைய எஞ்சுவதே இல்லை என்பதால், அது எந்தப் பயிரிலிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்த மிக்சர் பொட்டலத்தின் பின்புறம், மடிப்புக்கு அடியில், பாமாயிலை அடுத்துப் பொடியெழுத்தில் பருத்திக்கொட்டை எண்ணெய் என்றிருந்தது. காய்ப்புழுவைத் தானே எதிர்க்கும்படி மரபணு மாற்றி, 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திதான் இன்று இந்தியப் பருத்தி நிலங்களின் பெரும்பகுதியில் விளைகிறது, பி.டி. கத்தரிக்காயை 2010-இல் நிறுத்திவைத்த நாட்டில், பருத்தி மட்டும் துணியின் பெயரைச் சொல்லி அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது. மரபணு மாற்றப்பட்ட உணவின் பொட்டலத்தில், அதைக் குறிக்கும் ‘ஜி.எம்.’ என்ற ஆங்கிலச் சுருக்கத்தை அச்சிடச் சொல்லும் விதி 2013-இலேயே வந்தும், அந்த எழுத்துகளை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. அடுத்து, ஆர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் சோயா எண்ணெயைப் பார்க்கவிருக்கிறேன்.