பதில்: கறுப்புப்பெட்டியா, தரியா நிரலா?

அன்பின் நண்பர்களே,

நாம் தமிழாக்கும் வழுநீக்கியில் (நிரலின் பிழையைத் தேடும் கருவி, டிபக்கர்) பைண்டிங் கோடுக்குப் "பிணைப்பு நிரல்" என்று போன கிழமை முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. சி++ இல் எழுதியதை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கூப்பிட வைக்கும் நிரல்தானே அது. வழுநீக்கும்போது அதைச் செயலி எழுதுபவரின் காலில் இடறாமல் வைக்கிறோமே, அதற்குத்தான் பெயர் சரிவரவில்லை.

வந்த சொற்களைப் பார்ப்போம். "மறைப்பு" என்றால் அடியோடு இல்லாமல் போன மாதிரி. குரோம் உலாவியில் அந்த வரிகள் அழைப்படுக்கில் (எது எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) மடிந்துதான் கிடக்கின்றன, ஒரு சொடுக்கில் விரியும். "கறுப்புப்பெட்டி" (பிளாக்பாக்ஸ்) என்ற பெயரை குரோமே கைவிட்டு இக்னோர் லிஸ்ட் என்று மாற்றிக்கொண்டது. நமக்கோ அது, விமானம் விழுந்ததும் திறந்து பார்க்கவென்றே தேடுகிற பெட்டி. பொருள் தலைகீழ்! "புறக்கணிப்பு" என்றால் தேர்தலும் வகுப்பும்தான் நினைவுக்கு வரும். "ஒதுக்கல்" நல்ல சொல், ஆனால் நினைவக ஒதுக்கீடு முந்திக்கொண்டது.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் கடுகதி பஸ் வழியிலுள்ள எல்லாத் தரிப்பிடத்திலும் (பஸ் நிறுத்தம்) நிற்காது. தரிப்பிடம் வீதியோரம் இருக்கும், கண்ணாடியால் பார்த்தால் தெரியும், பஸ்தான் நிற்காது. வழுநீக்கி செய்வதும் இதுவே: பிணைப்பு நிரல் ஓடுகிறது, நாம் படிப்படியாகப் போகும்போது அங்கே தரிப்பதில்லை. ஆகவே "தரியா நிரல்", "தரியாப் பட்டியல்". மெனுப் பட்டியில் போட்டுப் பாருங்கள்: "தரியாப் பட்டியலில் சேர்", "தரியா வரிகளைக் காட்டு".

அந்த இரண்டாவது கட்டளை கட்டாயம் வேண்டும் என்பேன். முன்னிருப்பாக மடித்து வைப்பது சரிதான். பொத்தான் ஒன்று வேலை செய்யவில்லை என்று தேடுகிறவருக்கு இருபது வரி பிணைப்பு நிரல் எதற்கு? ஆனால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். சி++ பக்கம் ஒரு பதிவின் அடையாள எண் 9007199254740993. செயலியில் நிறுத்திப் பார்த்தால் 9007199254740992. இரண்டு பக்கமும் என் நிரலில் பிழையே இல்லை. ஒன்றரை நாள் போன பிறகுதான் மடிப்பை விரித்தேன். நடுவில் பிணைப்பு நிரல் 64 பிட் முழு எண்ணை ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண நம்பராக மாற்றியிருந்தது. 2 இன் 53ஆம் அடுக்குக்கு மேலே ஒற்றை எண்கள் அதில் அடங்காது. பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட்டாக மாற்றியதும் சரியாயிற்று. எழுதியவனும் நான்தான், வேறு யாரைத் திட்டுவது?

இனி இது குரோமின் தனி வசதியும் அல்ல. சோர்ஸ் மேப்புக்கான (உருமாற்றிய நிரலை மூல நிரலோடு பொருத்திக் காட்டும் கோப்பு) எக்மா-426 என்ற தரத்திலேயே இக்னோர்லிஸ்ட் என்ற புலம் இருக்கிறது. தமிழ்ச்சொல் இப்போதே வேண்டும்.

மதுரை அக்கா நேற்றுத் தனிமடலில், "எங்கள் ஊரில் தரிப்பது புடவையை. உங்கள் நிரல் என்ன உடுத்தவில்லையா?" என்று கேட்டுச் சிரித்திருந்தா. நியாயம்தான், இலங்கைக்கு வெளியே தரிப்பிடம் புழக்கத்தில் இல்லை. அவ சொன்ன மாற்று "நில்லா நிரல்". எனக்கு அது முடிவில்லாச் சுழலில் மாட்டிய நிரல் மாதிரிக் கேட்கிறது. மாணவர்களும் அப்படித்தான் எடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்ப வேண்டும். அதற்கு முதல் வேறு சொல் கிடைத்தால் எழுதுங்கள்.