தொட்டி மல்லி தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடுகிறது, காப்பாற்ற முடியுமா?

வில்லாபுரம், மதுரை (கேள்வி)

வணக்கம். மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டியில் ஒரு குண்டுமல்லி இருக்கிறது. என் அம்மா ராமேஸ்வரம் போன இடத்தில், தங்கச்சிமடத்தில் வாங்கி வந்து வைத்தது. ஏழு வருஷச் செடி. அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அதனால் வேறு செடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. தண்ணீர் இல்லாமல் வாடிவிட்டது என்று நினைத்து அன்றைக்கே ஒரு குடம் ஊற்றினேன். மறுநாள் இன்னும் மோசம். அதிலிருந்து காலையும் சாயந்திரமும் ஊற்றுகிறேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. அடி இலைகள் முழுக்க மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன. கொழுந்து கருகுகிறது. நேற்று உரக்கடையில் சொன்னார்கள் என்று ஒரு கைப்பிடி டிஏபி உரம் போட்டேன். இன்று காலை பார்த்தால் பாதிச் செடி மொட்டையாக நிற்கிறது. என்ன செய்யலாம்?

கோச்சடை

எங்கள் வீட்டிலும் இப்படி ஆனது அக்கா. எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம், இலை பச்சையானது. நிழலில் எடுத்து வையுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம், மல்லி விவசாயம்

தங்கச்சி, இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். உப்பும் வேண்டாம், உரமும் வேண்டாம். தம்பி சொன்ன எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்த செடிக்கு வேலை செய்யும். இது அந்த நோய் இல்லை என்று நினைக்கிறேன். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? நீங்கள் ஊரில் இல்லாத பத்து நாளும் இங்கே மழை பெய்ததே, தொட்டி நனைந்ததா? ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். விரலை எடுத்து மோந்தும் பாருங்கள். கடைசியாக, தண்டில் ஒரு இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்குக் கீழே பச்சையா, காப்பிக் கலரா?

வெயிலில் வாடும் செடி மத்தியானம் தொங்கி, சாயந்திரம் நிமிர்ந்துவிடும். விடிகாலையிலேயே தொங்குகிறது, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் பிரச்சினை வேரில்.

வில்லாபுரம்

அண்ணே, தட்டு இருக்கிறது. மாடித் தளத்தில் கறை படியக்கூடாது என்று வைத்தது. அதில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. மழையில் நன்றாக நனைந்திருக்கிறது, பக்கத்து வீட்டு மதினியும் தினமும் ஊற்றியிருக்கிறார். மண் களி மாதிரி இருக்கிறது. சாக்கடை நாற்றம் அடிக்கிறது. சுரண்டிப் பார்த்தேன். மேல் கிளைகள் இரண்டு காப்பிக் கலர். அடித்தண்டு பச்சையாகத்தான் இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம், மல்லி விவசாயம்

அடித்தண்டு பச்சை என்றால் உயிர் இருக்கிறது. அம்மா வைத்த செடியைக் காப்பாற்றிவிடலாம்.

நடந்தது இதுதான். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றில்தான் அது சுவாசிக்கிறது. அந்த இடமெல்லாம் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும், அதில் பூஞ்சாணம் ஏறி அழுகும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். இதில் டிஏபி போட்டால், அந்த உரத்தின் உப்பு மிச்சமிருக்கிற வேரையும் சுட்டுவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு மெதுவாக இறக்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. வராவிட்டால் ஓரத்தில் பழைய கத்தியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மேலே கிடக்கும் டிஏபி மண்ணை வழித்து எறிந்துவிட்டு, வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் வெளுப்பாகவோ சந்தன நிறத்திலோ இருக்கும், வளைத்தால் வளையும். கெட்ட வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிற்கும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் நல்ல வேர் வரும்வரை வெட்டுங்கள். எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள், அதைப் பொறுத்துத்தான் மேலே கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது.

வில்லாபுரம்

செய்துவிட்டேன் அண்ணே. நீங்கள் சொன்னபடியே தோல் உருவிக்கொண்டு வந்தது. பாதி வேர் போய்விட்டது. தொட்டியின் ஓட்டையைப் பார்த்தேன், சல்லிவேர் பந்து மாதிரி சுருண்டு கார்க்கு போட்டது போல் அடைத்திருந்தது. ஏழு வருஷமாக மண்ணே மாற்றவில்லை. கரிசல் மண் வேறு. அம்மா இருந்தவரை அவர்தான் எல்லாம் பார்த்தார், நான் பூ மட்டும் பறித்தேன். இப்போது செடி ஈரத்துணியில் சுற்றி இருக்கிறது. என்ன மண்ணில் வைக்க?

ஒத்தக்கடை, மாடித்தோட்டம்

அக்கா, இதற்கு நான் சொல்கிறேன். கரிசல் வயலில் கிடக்கலாம், தொட்டியில் அது கல்லாக இறுகும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கின தொழு உரம் ஒரு பங்கு. சூடு தணியாத சாணத்தைப் போட்டுவிடாதீர்கள். தேங்காய் நார்க்கழிவு அதிகம் வேண்டாம், இந்த மழைக்கு அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். டிரைக்கோடெர்மா விரிடி பொடி இரண்டு ஸ்பூன் தொழு உரத்தில் கலந்து வையுங்கள். வேரழுகல் பூஞ்சாணத்தை எதிர்க்கிற நல்ல பூஞ்சாணம் அது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரியான பூஞ்சாண மருந்துதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் மருந்து நல்ல பூஞ்சாணத்தையும் கொன்றுவிடும். ஏதாவது ஒன்று போதும்.

ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொட்டியை மூன்று செங்கல் மேல் ஏற்றுங்கள். கறை படிந்தால் கழுவிக்கொள்ளலாம்.

உசிலம்பட்டிப் பக்கம், மல்லி விவசாயம்

தம்பி சொன்ன மண் சரி. இப்போது மேல் பக்கம். கீழே பாதி வேர் போய்விட்டதால், மேலே முழுச் செடியையும் அது தாங்காது. காய்ந்த கிளைகளை அடியோடு எடுங்கள். மற்றதில் மூன்றில் ஒரு பங்கை, கணுவுக்குக் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். எங்கள் வயலில் கார்த்திகை வாக்கில் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, ஒன்றரை அடி உயரம் விட்டு மொத்தமாகக் கவாத்து செய்வோம். மல்லி புதுக் கிளையில்தான் பூக்கும், வெட்டாவிட்டால் மாசி, பங்குனியில் பூ குறைந்துவிடும். ஆனால் நோயில் கிடக்கிற செடிக்கு அந்த வெட்டு தாங்காது. இந்த வருஷம் பூவை மறந்துவிடுங்கள்.

வெட்டின குச்சிகளில் பச்சையாக, பென்சில் கனத்தில் இருப்பதை எறியாதீர்கள். மூன்று நான்கு கணு இருக்கிற மாதிரி நறுக்கி, இலையைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணலில் நட்டு நிழலில் வையுங்கள். இந்தக் குளிருக்கு வேர்விட நாளாகும், எல்லாமும் வராது. ஒன்று வந்தாலும் அது அம்மாவின் செடிதான்.

நட்டவுடன் ஒரு தடவை, அடி ஓட்டை வழியாக வழிகிற வரைக்கும் தண்ணீர். அதற்கப்புறம் விரல் வைத்துப் பார்க்காமல் ஊற்றக்கூடாது. பத்து நாள் வெளிச்சமான நிழல், பிறகு காலை வெயில்.

திருநகர்

எனக்கும் ஒரு சந்தேகம், அதனால் கேட்கிறேன். மார்கழிப் பனிக்குச் செடியை ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டுமா? பெங்களூரில் இருக்கிற என் மகள் பாலிதீன் கவர் போட்டு மூடச் சொல்கிறாள்.

ஒத்தக்கடை, மாடித்தோட்டம்

வேண்டாம் அம்மா. மதுரையில் மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், உறைபனி என்பதே கிடையாது. அந்தக் குளிர் மல்லியைக் கொல்லாது. வளர்ச்சியைத்தான் நிறுத்தும். பூ மார்க்கெட்டில் அந்த மாதங்களில் மல்லி விலை ஆயிரத்தைத் தாண்டுவது அதனால்தான். கவர் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து, இலையில் பூஞ்சாணம் வரும்.

வளர்ச்சி நின்ற செடி தண்ணீர் குடிப்பதும் குறைவு. சித்திரையில் தினமும் ஊற்றுகிற தொட்டிக்கு மார்கழியில் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை போதும், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். ஊற்றுவதைக் காலையில் ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க ஈரம் நிற்கக்கூடாது. உரம் தை பிறந்து துளிர் வந்த பிறகுதான்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் தெற்குப் பக்கம் இருந்தால், உச்சி வேளையில்கூட இரண்டடிக்கு நிழல் விழும். கோடையில் நல்ல வெயிலில் இருந்த தொட்டி இப்போது நாள் முழுக்க நிழலில் கிடக்கும், மண்ணும் காயாது. வில்லாபுரம் அக்கா, உங்கள் தொட்டி எங்கே இருந்தது?

வில்லாபுரம்

தெற்குச் சுவர் ஓரத்தில்தான் தம்பி. வெயில் படுகிற இடம் என்று அம்மா வைத்தது. இப்போது பார்க்கிறேன், அங்கே பாசி பிடித்திருக்கிறது. குளிர் காலத்தில் அவர் தொட்டியை நடு மாடிக்கு நகர்த்துவது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

வில்லாபுரம் (தை மாதம்)

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். மார்கழி முழுக்கச் செடி குச்சியாகவே நின்றது. இரண்டு தடவை பயந்துபோய்ச் சொம்பை எடுத்தேன், விரல் வைத்துப் பார்த்தேன், ஈரம் இருந்தது, வைத்துவிட்டேன். பொங்கலுக்கு முந்தின நாள் அடித்தண்டில், வெட்டின இடத்துக்குக் கீழே, கடுகு அளவில் சிவந்த பச்சையாக ஒரு முளை. இன்றைக்கு எண்ணினேன், பதினொன்று இருக்கின்றன. நட்ட ஆறு குச்சியில் இரண்டு துளிர்த்திருக்கின்றன.

ஆனால் புது இலை சில வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. பழைய நோயா?

உசிலம்பட்டிப் பக்கம், மல்லி விவசாயம்

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. பயப்படாதீர்கள், இது பழைய நோய் இல்லை. கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. உப்பு போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, வெயில் இறங்கின பிறகு இலை நனையத் தெளியுங்கள். மாதம் ஒரு தடவை. கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், நின்றால் துரு நிறமாகிவிடும். கூடவே ஒரு கை மண்புழு உரம் ஓரத்தில் கிளறிவிடுங்கள். டிஏபி வேண்டாம்.

துளிர் எல்லாம் நாலு விரற்கடை வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பிரியும். துளிர்த்த குச்சிகளை இப்போதே பிடுங்கிப் பார்க்காதீர்கள், பங்குனி வரை மணலிலேயே இருக்கட்டும்.

வில்லாபுரம்

சரி அண்ணே. துளிர்த்த குச்சியில் ஒன்று என் தங்கச்சி வீட்டுக்கு. இன்னொன்றை, பத்து நாளும் மறக்காமல் ஏறி வந்து தண்ணீர் ஊற்றின மதினிக்குக் கொடுக்கப் போகிறேன், விரல் வைத்துப் பார்க்கிற விதத்தையும் சொல்லி.