மறுமொழி: கிரபீனுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்கு முன்

அன்புள்ள குழுவினருக்கு,

உயர்தர மாணவரின் சுவரொட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பல், முரசு நோய்களுக்குக் கிரபீன் (பென்சில் கரியான கிரபைற்றின் ஓர் அணுத் தடிப்புப் படை) எப்படி உதவலாம் என்பது தலைப்பு. சொல் இன்னும் முடிவாகவில்லை.

> காரீயத்தாள் என்போம். போகல சுரங்கத்தில் எடுப்பது காரீயம்தானே.

உப்புவெளி ஐயா, உண்மைதான், கிரபைற்றைக் காரீயம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஈய உலோகத்துக்கும் காரீயம் என்ற பெயர் உண்டு. ஈயம் நஞ்சு. பிள்ளையின் வாய்க்குள் காரீயம் வைப்பார்கள் என்று வாசிக்கிற தாய் பல் வைத்தியரிடம் வருவாளா? இந்தச் சொல்லை நான் ஏற்கவே மாட்டேன்.

> கரித்தாள்?

கந்தோரில் இருந்தவர்களுக்கு அது பிரதி எடுக்கிற தாள்.

என் சொல் கரியேடு. கரி + ஏடு, யகர உடம்படுமெய். ஓலை மட்டுமா ஏடு? பூவிதழும் ஏடு, தயிரின் மேல் படிவதும் ஏடு. ஓர் அணுத் தடிப்பில் விரியும் காபனுக்கு இது பொருந்தும். கிரபீன் என்ற பெயரின் கிரேக்க வேரின் பொருளும் 'எழுது' என்பதே. நாம் எழுதியதும் ஏட்டில்தான். வகுப்பில் பென்சிலால் அழுத்தித் தீட்டி, ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துக் காட்டினேன். நாடாவை மடித்து மடித்து உரிக்க, கறுப்பு சாம்பலாகி வெளிறியது. மன்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் 2004இல் கிரபீனைப் பிரித்ததும் ஒட்டுநாடாவால்தான்; 2010இல் நோபல் பரிசு. பின்வாங்கில் இருந்த பிள்ளை, "ஏடு ஏடா வருகுது ரீச்சர்" என்றாள்.

அப்படியானால் அதன் ஒட்சைட்டு, கரியேட்டு ஒட்சைட்டு. சூத்தைப் பல்லுக்குக் காரணமான பற்றீரியாவின் மென்சவ்வை அதன் கூரிய விளிம்புகள் கிழிக்கின்றன என்பது ஆய்வுகூடங்களில் சொல்லப்படும் ஒரு விளக்கம். இவை பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூட அளவில்தான். மருந்து வந்துவிட்டது என்று ஒரு வரியும் இருக்கக்கூடாது.

> முரசு அல்ல, ஈறு.

தமிழ்நாட்டில் ஈறு, சரி. திருமலையில் வீங்குவது முரசு. வாசிக்கப்போவது இங்குள்ளவர்கள்.

> கரியேடு என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் கிரபீன் என்றுதானே படிப்பார்கள்?

மூதூர் அக்கா கேட்பது நியாயம், என்னிடம் முழுப் பதில் இல்லை. தலைப்பில் கிரபீன், அடுத்த வரியில் கரியேடு என்று ஐந்து பேர் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே கொடுக்கிறேன். ஐயா இன்னும் ஒப்பவில்லை. கரி யானையையும் சாட்சியையும் குறிக்கும் என்ற அவருடைய நீண்ட மடலுக்கு ஞாயிறு எழுதுகிறேன்.